பாட்டி தனியாகப் போட்டுப் பார்க்க முடிந்தால்தான் அது குடும்பக் கருவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி, பொங்கல் சமயத்தில் வரும் கேம் கன்சோல் (டி.வி.யில் மாட்டி விளையாடும் கருவி) விளம்பரங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது. விளையாட்டு மட்டுமல்ல, படம், பாட்டு, யூடியூப் எல்லாம் இதிலேயே உண்டு, குடும்பமே சேர்ந்து அனுபவிக்கலாம் என்பதுதான் அது. தி.நகர் கடைகளிலும் ரிச்சி தெருவிலும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெற்றோர் கேட்பதும் இதையே: "பையன் ஆடாத நேரத்துல நாங்களும் ஏதாச்சும் பாக்கலாமா?" 2021 பிப்ரவரியில் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) இந்தியாவுக்கு வந்தபோது, தட்டுகளை ஓட்டும் டிஸ்க் டிரைவ் உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990 ரூபாய். அதன் பிறகு பட்டியல் விலை ஏறவும் செய்தது. இவ்வளவு பணம் போட்டு வாங்குவது ஒருவர் கையில் மட்டும் முடங்கிவிடக் கூடாது என்று பெற்றோர் நினைப்பது நியாயம். அவர்களுக்குப் பயன்படும் விவரங்களை எழுத வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

கன்சோலில் என்னென்ன வசதி இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. மதியம் மூன்று மணிக்கு, பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன், வீட்டில் இருக்கும் பாட்டி யாரையும் கூப்பிடாமல் ஒரு பக்திப் பாட்டைப் போட்டுக் கேட்க முடிகிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும். கடையிலிருந்து கொண்டுவந்து அப்படியே மாட்டிய கன்சோலில் பாட்டியால் முடியாது. சில வேலைகளைச் செய்து கொடுத்தால் ஓரளவு முடியும்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருந்தது. 2000ல் வந்த பிஎஸ்2 டி.வி.டி. தட்டுகளையும் ஓட்டியது. ஜப்பானில் பலர் அதை டி.வி.டி. பிளேயருக்காகவே வாங்கினார்கள். 2006ல் வந்த பிஎஸ்3, டி.வி.டி.யைவிடத் துல்லியமான படத் தட்டான புளூ-ரே ஓட்டியது. அதன் மெனுவில் போட்டோ, பாட்டு, வீடியோ, இணைய பிரவுசர் என்று தனித்தனியே இருந்தன. கல்யாணப் போட்டோக்களைப் பென் டிரைவில் போட்டுச் செருகினால் டி.வி.யில் வரிசையாக ஓடும். 2013ல் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன், டி.வி.யையே தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்த்தது. செட்டாப் பாக்ஸ் வயரைக் கன்சோலுக்குள் செருக ஒரு எச்.டி.எம்.ஐ. துளை, எதிரே கினெக்ட் கேமரா, அதில் ஸ்கைப். அமெரிக்காவில் பேரப்பிள்ளை இருக்கும் சென்னை வீட்டுக்கு, ஹாலில் உட்கார்ந்தபடி பெரிய டி.வி.யில் முகம் பார்த்துப் பேசுவதைவிட நல்ல வசதி வேறென்ன வேண்டும்? கினெக்ட் தயாரிப்பு 2017ல் நின்றது. 2020ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டிலும் அந்த எச்.டி.எம்.ஐ. உள்துளை கிடையாது. பிஎஸ்5ல் பிரவுசருக்கு மெனுவில் இடமில்லை. பிஎஸ்4ல் இருந்த மீடியா பிளேயரும் இல்லை. அதாவது, தலைமுறைக்குத் தலைமுறை விளையாட்டுத் திறன் கூடியது, வீட்டாருக்கான வசதிகள் குறைந்தன. டி.வி.க்குள்ளேயே ஆப்கள் வந்துவிட்டதால் கன்சோல் செய்பவர்களுக்கு அந்த வேலையில் அக்கறை விட்டுப்போனது.

முதல் தடை கையில் இருக்கும் கன்ட்ரோலர்தான். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் வலப்பக்கம் நான்கு பொத்தான்கள்: முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம். இதில் பெருக்கல் குறிதான் 'சரி', வட்டம்தான் 'பின்னால் போ'. நம் ஊரில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் பெருக்கல் குறி என்றால் தப்பு. நோட்டில் வாத்தியார் சிவப்பு மையில் போடுகிற குறி அது. பாட்டி படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இயல்பாகவே அந்தப் பொத்தானைத் தவிர்த்து வட்டத்தை அழுத்துவார். திரை பின்னால் போய்விடும். இது அவருடைய குறை இல்லை. ஜப்பானிலேயே பிஎஸ்4 காலம் வரை வட்டம்தான் 'சரி', பெருக்கல் குறிதான் 'வேண்டாம்'. பிஎஸ்5 வந்தபோதுதான் அங்கேயும் மாற்றினார்கள். இதற்கு எளிதான வழி, பெருக்கல் குறிப் பொத்தான் மேல் ஒரு சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவது. 'பொட்டு இருக்கிறதை அழுத்து' என்று சொன்னால் போதும், குழப்பம் தீர்ந்தது. பொட்டு பொத்தானின் விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பசை இடுக்கில் இறங்கிப் பொத்தான் ஒட்டிக்கொள்ளும்.

கன்ட்ரோலரின் இன்னொரு சிக்கல், படம் ஓடும்போது அது தானாக அணைந்துவிடுவது. பேட்டரி மிச்சப்படுத்த அப்படி அமைத்திருக்கிறார்கள். நடுவில் வாசல் மணி அடிக்கிறது, படத்தை நிறுத்த வேண்டும் என்றால் முதலில் நடுவிலுள்ள பிஎஸ் பொத்தானை அழுத்தி, விளக்கு எரியும் வரை காத்திருந்து, அதன் பிறகே நிறுத்த முடியும். பெரியவர்கள் அணைந்துபோன கன்ட்ரோலரில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்துவிட்டு 'கெட்டுப் போச்சு' என்று வைத்துவிடுவார்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் சேவிங் என்று போனால் கன்ட்ரோலர் எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்பதை மாற்றலாம். அணையவே வேண்டாம் என்று வைத்தால் சார்ஜ் சீக்கிரம் தீரும். அதே பவர் சேவிங் பக்கத்தில், ஓய்வு நிலையிலும் யூ.எஸ்.பி. துளைக்கு மின்சாரம் வரும்படி வைத்து, ராத்திரி வயரைச் செருகி வைத்துவிடுங்கள்.

இதைவிட நல்லது மீடியா ரிமோட். பிஎஸ்5க்கென்று தனியாக ஒரு ரிமோட் இருக்கிறது. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் வேலை செய்யும், டி.வி.யின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண யுனிவர்சல் ரிமோட் பிஎஸ்5க்கு ஆகாது. அந்த ரிமோட்டுகள் இன்ஃப்ராரெட்டில் பேசும், பிஎஸ்5ல் இன்ஃப்ராரெட் வாங்கி கிடையாது, புளூடூத் மட்டும்தான். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில் அந்த வாங்கி இருப்பதால் அதற்கென்று விற்கும் குறைந்த விலை ரிமோட்டுகளும் வேலை செய்கின்றன. பெரியவர்கள் கைக்குப் போகப்போகிறது என்றால் இந்த வித்தியாசம் முக்கியம்.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. எச்.டி.எம்.ஐ. வயர் வழியாகவே டி.வி.யும் கன்சோலும் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு அது. டி.வி. கம்பெனிகள் இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். டி.வி.யில் அதை இயக்கிவிட்டு, பிஎஸ்5ல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்.டி.எம்.ஐ. போய் 'எச்.டி.எம்.ஐ. டிவைஸ் லிங்க்'கை இயக்குங்கள். பல டி.வி.களில் டி.வி. ரிமோட்டின் அம்புக்குறிகளே கன்சோல் மெனுவிலும் நகரும். எல்லா டி.வி.யிலும் நகராது, போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அதே பக்கத்தில் 'ஒன் டச் பிளே' என்று ஒன்று இருக்கிறது. வீட்டுச் சண்டைக்கு விதை போடுவது இதுதான். இது இயக்கத்தில் இருந்தால், கன்ட்ரோலரில் பிஎஸ் பொத்தானை யார் தொட்டாலும் கன்சோல் விழித்துக்கொண்டு டி.வி.யைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். ராத்திரி சீரியலில் கதாநாயகி மாமியாரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுக்கிற நேரத்தில், சோபாவில் கிடந்த கன்ட்ரோலர் மேல் குழந்தை உட்கார்ந்தால் போதும், படம் மாறிவிடும். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் நாள் அம்மா கன்சோல் வயரையே பிடுங்கி வைத்துவிடுவார். அதனால் ஒன் டச் பிளேயை அணைத்துவிடுங்கள். 'பவர் ஆஃப் லிங்க்' மட்டும் இருக்கட்டும். டி.வி.யை அணைத்தால் கன்சோலும் ஓய்வு நிலைக்குப் போகும், ராத்திரி முழுக்க வீணாக ஓடாது.

அடுத்தது மொழி. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டின் மெனுவிலும் தமிழ் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக அம்புக்குறியால் நகர்ந்து ஆங்கிலத்தில் பாட்டுப் பெயரைத் தட்டுவது இளைஞர்களுக்கே அலுப்பு. இதற்குச் சுற்றுவழி செல்போன். கன்சோலில் யூடியூப்பைத் திறந்து வைத்துவிட்டு, அதே வைஃபையில் இருக்கும் செல்போனில் யூடியூப்பைத் திறந்தால் மேலே திரை வடிவில் ஒரு சின்னக் குறி தெரியும். அதை அழுத்திக் கன்சோலின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் இணைந்துவிடும். பிறகு செல்போனிலேயே மைக்கை அழுத்தித் தமிழில் பேசித் தேடலாம். தேடிய பாட்டு டி.வி.யில் ஓடும். வாட்ஸ்ஆப் பழகிய பாட்டிக்கு இது கன்ட்ரோலரைவிட நூறு மடங்கு எளிது. இணையவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: செல்போன் வைஃபையில் இல்லாமல் மொபைல் டேட்டாவில் இருக்கும்.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, யூடியூப் மூன்றும் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் உண்டு. ஆனால் நம் வீடுகளில் சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிற இந்திய ஆப்கள் டி.வி.யில் இருப்பதுபோல எல்லாமே கன்சோலிலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. செல்போனில் இருப்பது டி.வி.யில் இருக்கும், டி.வி.யில் இருப்பது கன்சோலில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எந்த நாட்டுக் கணக்கில் நுழைகிறோமோ அந்த நாட்டுப் பட்டியல்தான் தெரியும். மலிவாகக் கேம் கிடைக்கும் என்று வேறு நாட்டுக் கணக்குத் தொடங்கியவர்களுக்கு ஆப் பட்டியலும் வேறாக இருக்கும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன், கடையில் இருக்கும் டெமோ கன்சோலில் ஆப் பட்டியலைத் திறக்கச் சொல்லி, வீட்டில் சந்தா கட்டும் ஒவ்வொரு ஆப்பையும் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

கன்சோல் உண்மையிலேயே குடும்பத்துக்கு உதவக்கூடிய ஓர் இடம் உண்டு என்றால் அது தட்டுகள். பர்மா பஜாரில் வாங்கிய படங்களும் கல்யாண டி.வி.டி.களும் அடுக்கடுக்காக அலமாரியில் இருக்கும் வீடுகள் சென்னையில் இன்னும் ஏராளம். டி.வி.டி. பிளேயர் பழுதாகி ஆண்டுகள் ஆகியிருக்கும். டிரைவ் உள்ள பிஎஸ்5 டி.வி.டி., புளூ-ரே, 4கே புளூ-ரே மூன்றையும் ஓட்டும். எக்ஸ்பாக்ஸில் டிரைவ் உள்ள சீரிஸ் எக்ஸ் மாடலும் அப்படியே. ஆனால் அதில் புளூ-ரே ஆப்பை முதலில் கடைப் பக்கத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். சீரிஸ் எஸ், பிஎஸ்5 டிஜிட்டல் ஆகியவற்றில் டிரைவே இல்லை. 2023 இறுதியிலிருந்து வரும் மெலிந்த பிஎஸ்5ல் டிரைவைத் தனியாக வாங்கியும் மாட்டலாம். மாட்டும்போது ஒருமுறை இணையத் தொடர்பு கட்டாயம், அது இல்லாமல் டிரைவ் வேலை செய்யாது.

எந்தத் தட்டு ஓடும், எது ஓடாது என்பதில்தான் ஏமாற்றம் வருகிறது. பிஎஸ்5 சி.டி. வகை எதையும் படிக்காது. ஆடியோ சி.டி., எம்பி3 சி.டி., இருபது ஆண்டுக்கு முந்தைய கல்யாண வி.சி.டி. என எதைப் போட்டாலும் வெளியே தள்ளிவிடும். சீரிஸ் எக்ஸ் ஆடியோ சி.டி.யை மட்டும் ஓட்டும். கல்யாண வீடியோ டி.வி.டி.யாக இருந்தால் ஓட வாய்ப்பு அதிகம். ஆனால் ஸ்டூடியோக்காரர் எழுதி முடித்தபின் தட்டை 'ஃபைனலைஸ்' செய்திருக்க வேண்டும், அதாவது மற்ற பிளேயர்களும் படிக்கும்படி முடித்து மூடியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் கொடுத்த தட்டு, பெரும்பாலும் எழுதிய மெஷினில் மட்டும்தான் ஓடும். கம்ப்யூட்டர் டி.வி.டி. டிரைவில், தட்டு எழுதும் மென்பொருளைக் கொண்டு ஃபைனலைஸ் செய்து பார்க்கலாம். வீட்டில் எழுதிய தட்டுகளின் சாயம் நம் ஊர்ப் புழுக்கத்தில் மங்கிப்போகும். பின்பக்கம் ஓரத்தில் வெள்ளைப் பூப் பூத்தாற்போல் இருந்தால் அது பூஞ்சை. அந்தத் தட்டைத் துடைக்காமல் டிரைவில் போட்டு லென்ஸைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து, முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துவிடுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிரதியை எக்ஸ்பாக்ஸில் பென் டிரைவ் வழியாகவே பார்க்கலாம், வி.எல்.சி. ஆப் அதில் கிடைக்கிறது. பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் அந்தப் பென் டிரைவை நேராக டி.வி.யில் செருகிப் பார்ப்பதே சுலபம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கன்சோலுக்கு ஒரு எச்சரிக்கை. படத் தட்டுகளையும் அவற்றை ஓட்டும் கருவிகளையும் நாடு வாரியாக மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டி.வி.டி.யில் நாம் 5ஆம் மண்டலம், புளூ-ரேயில் 'சி' மண்டலம். துபாய் கன்சோலுக்கு 2, 'பி'. சிங்கப்பூருக்கு 3, 'ஏ'. அமெரிக்காவுக்கு 1, 'ஏ'. மண்டலம் பொருந்தாவிட்டால் தட்டு ஓடாது. பெட்டியில் 'எல்லா மண்டலமும்' என்று அச்சிட்ட தட்டுகளுக்கும் 4கே தட்டுகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. விளையாட்டுத் தட்டுகளுக்கும் மண்டலப் பூட்டு இல்லை என்பதால் பையனுக்கு இது தெரியாமலேயே போய்விடும். படத் தட்டைப் போடுகிற அப்பாவுக்குத்தான் தெரியவரும்.

சத்தம் வரவில்லை என்ற புகாரும் இந்தத் தட்டுகளில்தான் அதிகம். பழைய ஹோம் தியேட்டரில் ஆப்டிகல் துளை, அதாவது ஒலியை ஒளியாக அனுப்பும் வயருக்கான துளை, இருக்கும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டிலும் ஆப்டிகல் கிடையாது. கன்சோலை டி.வி.யில் செருகி, டி.வி.யின் ஆப்டிகல் வழியாக ஹோம் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது கன்சோலின் ஒலி அமைப்பு 'டி.டி.எஸ்.' என்று இருந்து, டி.வி.க்கு அது புரியாவிட்டால் படம் மட்டும் ஓடும், பேச்சு வராது. செட்டிங்ஸ், சவுண்ட், ஆடியோ அவுட்புட் போய் 'லீனியர் பி.சி.எம்.' என்று மாற்றினால் சத்தம் வந்துவிடும். ஆப்டிகலில் ஐந்து ஸ்பீக்கரும் பேச வேண்டுமானால் அங்கே 'டால்பி'யைத் தேர்ந்தெடுங்கள்.

படத்தைப் பற்றி இரண்டே செய்தி. பிஎஸ்5ல் பழைய படங்கள் வெளிறித் தெரிந்தால், வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆர். அமைப்பை 'எப்போதும்' என்பதிலிருந்து 'ஆதரவு இருக்கும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். யூடியூப்பில் தமிழ்ச் செய்திச் சேனல் பார்க்கும்போது திரையின் அடியில் ஓடும் எழுத்துப் பட்டை வழுக்கிக்கொண்டு போகாமல் விட்டு விட்டு இழுத்தால், இணையத்தைக் குறை சொல்ல வேண்டாம். நம் ஊர் ஒளிபரப்பு நொடிக்கு 25 அல்லது 50 படம், கன்சோல் டி.வி.க்கு அனுப்புவது நொடிக்கு 60. கணக்கு சரியாக வகுபடாததால் சில படங்கள் மற்றவற்றைவிட ஒரு முறை கூடுதலாக வந்து அந்த இழுப்பு தெரிகிறது. எக்ஸ்பாக்ஸில் வீடியோ மோட்ஸ் பக்கத்தில் '50 ஹெர்ட்ஸ்', '24 ஹெர்ட்ஸ்' இரண்டையும் டிக் செய்து பாருங்கள், டி.வி. ஒத்துழைத்தால் இழுப்பு குறையும்.

இனி மின்சாரம். படம் பார்க்க மட்டும் பிஎஸ்5 எடுத்துக்கொள்வது, மாடலைப் பொறுத்து, சுமார் 50 முதல் 80 வாட். இணையத்திலிருந்து படம், பாட்டு ஓட்ட டி.வி.யில் செருகும் சின்ன ஸ்டிக் மூன்று நான்கு வாட்டில் அதே வேலையைச் செய்கிறது. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், 60 வாட் என்று கணக்குப் போட்டால் நம் இரண்டு மாத பில்லில் 14 யூனிட்டுக்கு மேல் வரும். ஸ்டிக்குக்கு ஒரு யூனிட் அளவில் நின்றுவிடும். பதினான்கு யூனிட் பெரிதில்லை என்று தோன்றலாம். கோடையில் ஏ.சி. ஓடும் வீடு 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும்போது, அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. கரண்ட் போன நேரத்திலும் இதே கணக்குதான். 150 ஏ.எச். பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டரில் டி.வி., ஃபேன், விளக்கோடு கன்சோலில் விளையாட்டும் ஓடினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கன்சோலை விட்டுவிட்டு ஸ்டிக்கில் பார்த்தால் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தாக்குப்பிடிக்கும்.

கரண்ட் பட்டென்று போய் வருவது கன்சோலின் உள்ளே இருக்கும் சேமிப்பகத்துக்கு நல்லதல்ல. இன்வெர்ட்டரின் முன்பக்கமோ பின்பக்கமோ உள்ள சுவிட்சை 'யூ.பி.எஸ்.' பக்கம் வையுங்கள். அப்போது மாறும் நேரம் குறைந்து கன்சோல் அணையாமல் தப்பிக்கும். அணைந்துவிட்டால் அடுத்த முறை 'சரியாக அணைக்கப்படவில்லை' என்று சொல்லித் தானே சரிபார்த்துக்கொள்ளும், அவசரப்பட்டு மறுபடி அணைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் மெனு தடுமாறினால், பிஎஸ்5ஐ முழுதாக அணைத்து, பவர் பொத்தானை இரண்டாவது 'பீப்' கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். கன்ட்ரோலரை வயரால் இணைத்தால் பாதுகாப்பு மெனு வரும். அதில் ஐந்தாவதாக உள்ள 'ரீபில்ட் டேட்டாபேஸ்' போதும். ஆறும் ஏழும் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

வெப்பம் பற்றிச் சொல்லாமல் சென்னையில் எந்தப் பொருளைப் பற்றியும் எழுத முடியாது. பிஎஸ்5 கையேட்டில் சொல்லியிருக்கும் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி. கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத மாடி ஹாலில் மதியம் அதைத் தாண்டிவிடும். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் இடைவெளியும் கேட்கிறது. நம் வீடுகளில் கன்சோல் போய் உட்காருமிடம் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். தூசு படியக் கூடாதென்று மேலே பூவேலை செய்த துணியும் போட்டிருக்கும். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தத் துணி கன்சோலின் மூக்கைப் பொத்துகிறது. ஓடாதபோதும், ஓய்வு நிலையில் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தால் உள்ளே சூடு இருக்கும். கதவைத் திறந்து வையுங்கள், துணியை எடுத்துவிடுங்கள். முதலில் வந்த பிஎஸ்5 மாடலில் பக்கத் தகடுகளைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே தூசு சேரவென்றே இரண்டு துளைகள் தெரியும். வயரைப் பிடுங்கிவிட்டு, வேக்குவம் கிளீனரின் குறுகிய முனையை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறிஞ்சினால் போதும். அதற்கு மேல் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். உள்ளே சிப்பின் மேல் இருப்பது திரவ உலோகம், அது கசிந்தால் போர்டு போய்விடும். சமையலறையை ஒட்டிய ஹால் என்றால் கரப்பான்பூச்சி மருந்தும் அவசியம். இளஞ்சூடும் இருட்டுமான இடத்தைத்தான் அவை தேடும், பவர் சப்ளைக்குள் புகுந்துவிட்டால் ஷார்ட் ஆகும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடற்காற்று படும் வீடுகளில் எச்.டி.எம்.ஐ. துளையில் பச்சையாகக் களிம்பு ஏறும், படம் மின்னி மின்னிப் போகும். அங்கே வயரை அடிக்கடி பிடுங்காமல் செருகியபடியே விடுவதுதான் நல்லது.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கன்சோலில் குழந்தைக்கென்று தனிக் கணக்குத் தொடங்கி, விளையாடும் நேரத்தையும் மாதச் செலவையும் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்களுக்குள் என்ன பார்க்கிறார்கள் என்பதைத் தடுக்காது. அங்கே தனியாக வயது வரம்பும், பெரியவர்கள் புரொஃபைலுக்கு ரகசிய எண்ணும் போட வேண்டும். கார்டு விவரத்தைக் கன்சோலில் சேமிக்காமல், தேவைப்படும்போது கிஃப்ட் கார்டு வாங்கிப் போடுவது பாதுகாப்பு. சேமித்தே ஆக வேண்டுமென்றால், வாங்கும்போது ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள்.

இன்னொரு கன்சோலான நிண்டெண்டோ ஸ்விட்ச் பற்றியும் கேட்கிறார்கள். எல்லா வயதினரும் சேர்ந்து ஆட நல்ல கருவி. ஆனால் நெட்ஃபிளிக்ஸ் அதில் வந்ததே இல்லை, தட்டும் ஓடாது. இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனை இல்லாததால், இங்கே கிடைப்பவை வெளியிலிருந்து வந்தவை. பழுதானால் கம்பெனி வாரண்டியை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, வீட்டில் விளையாட ஆள் இருந்தால் கன்சோலை விளையாட்டுக்காக வாங்குங்கள். தட்டுகள் நிறைய இருந்தால் கொஞ்சம் கூடப் போட்டு டிரைவ் உள்ளதாக வாங்குங்கள். படமும் பாட்டும் மட்டும்தான் வேண்டும், டி.வி. பழசாகி ஆப்கள் திணறுகின்றன என்றால், சில ஆயிரம் ரூபாய் ஸ்டிக் போதும். சின்ன ரிமோட், தமிழில் பேசித் தேடும் வசதி, குறைந்த மின்சாரம் என எல்லாவற்றிலும் அது பெரியவர்களுக்கு ஏற்றது. கன்சோலும் ஸ்டிக்கும் ஒரே டி.வி.யில் பக்கத்துப் பக்கத்துத் துளையில் இருக்கலாம். பல வீடுகளுக்கு அதுவே பொருத்தமான ஏற்பாடு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பண்டிகைச் சிறப்புப் பக்கங்களில் கன்சோல் பற்றி எழுதும்போது, விளையாட்டுகளின் பெயரோடு நான்கு விவரங்களையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்: டிரைவ் உண்டா, எந்தெந்தத் தமிழ் ஆப்கள் அதில் கிடைக்கின்றன, ரிமோட் தனியாக வாங்க வேண்டுமா, படம் பார்க்க எத்தனை வாட். வாங்கப் போகிறவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கடைக்கு அழைத்துப் போகலாம். டெமோ கன்சோலில் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்து, அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றை அவரே போடும்வரை விற்பனையாளர் பொறுமையாகச் சொல்லித் தரட்டும். பில் போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33